மூன்றாவது தீர்மானம்

தீர்மானப் புத்தகம் மேசைமேல் இருந்தது,
கூட்டம் தொடங்கும் முன்பே எழுதி முடித்து.
"இங்க ஒரு கையெழுத்துங்க, தலைவர்"
என்று விரல் வைத்துக் காட்டினார் பிரேமலதா டீச்சர்.
மூன்றே ஐம்பதுக்கு அவர் பஸ்.
அதை விட்டால் ஆறரைக்கு.
அது வரும் என்று எங்கள் பசவனட்டியில்
யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள்.

தலைவர் நான்தான்.
போன ஆடியில் தேர்ந்தெடுத்தார்கள்.
தேர்ந்தெடுத்தார்கள் என்றால்,
தக்காளி பறிக்கக் கூப்பிடாத நாள் அது,
நான் வந்திருந்தேன், அவ்வளவுதான்.

இருபது பேர் குழுவில் இன்றைக்கு ஒன்பது.
மூன்று அப்பன்மார் பெங்களூரில்
பதினாலாம் மாடிக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள்.
திம்மராயன் மட்டும் போன் ஸ்பீக்கரில் கலந்துகொண்டான்.
அறுக்கிற மெஷினும் கூடவே கலந்துகொண்டது.

முதல் தீர்மானம், தண்ணீர்த் தொட்டிக்கு மூடி.
இரண்டாவது, கழிவறைக்குத் தாழ்ப்பாள்.
இரண்டும் போன மாதமும் இருந்தன,
அதற்கு முந்தின மாதமும்.
மூன்றாவது என்ன என்றேன்.
மூன்றாவது இல்லையே என்றார்.

ஜன்னலுக்கு வெளியே கிடந்தது மூன்றாவது.

மைதானம் முழுக்க ராகிக் கதிர்.
எப்போதும் தார் ரோட்டில்தான் பரப்புவோம்,
லாரியும் பஸ்ஸும் ஏறி ஏறி
கூலி கேட்காமல் உதிர்த்துக் கொடுக்கும்.
மார்கழியில் ஒரு பைக் சறுக்கி
ஓட்டி வந்த பையனுக்குத் தோள் இறங்கி
போலீஸ் வந்து போனபின்
ஊரே கதிரைத் தூக்கிக்கொண்டு
பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டது.
பெற்றோர் வருகை குறைவு என்று
போன வருடம் எழுதினாரே டீச்சர்,
பார்க்கட்டும் இப்போது.

காலை பத்திலிருந்து டிராக்டர் சுற்றுகிறது.
மூன்றாம் வாய்ப்பாடு ஏழுக்குமேல் கேட்பதில்லை.
பிள்ளைகள் கழுத்தெல்லாம் சுணை.
என் சின்னவள் எழுத்துக்கூட்டும்போது தும்முகிறாள்,
தும்மி முடித்து
மறுபடி முதல் எழுத்துக்குப் போகிறாள்.

நடுவில் பரந்து கிடப்பது
என் கொழுந்தன் மாதேசனுடையது.
புளியமரத்தடியில்
நீலத் தார்ப்பாய் மூடிய சின்னக் குவியல்
என்னுடையது.

எழுதுங்க டீச்சர் என்றேன்.
பேனாவைத் திறந்தார். மூடினார்.
"நாளைக்கும் நான் இந்த ஊர் வழியா
நடந்து வரணும் இல்லீங்களா?"
அதுவும் சரிதான்.

மாதேசன் குழுவில் இல்லை.
வாசலில் நின்றான், ஆனால்
செருப்பைக் கழற்றியிருந்தான்.
"மழை வந்தா உங்க தீர்மானம் வந்து மூடுமா, அண்ணி?"
என்னிடம் பதில் இல்லை.
போனில் திம்மராயன் ஏதோ சொன்னான்,
மெஷின் அறுத்துவிட்டது. திரும்பச் சொன்னான்:
"ராத்திரி எம்பையன் போன்ல படிச்சுக் காட்டுவான்.
ஒரு வாரமா இருமல்தான் கேக்குது."

டிராக்டர் நின்றது.
அதற்காக அல்ல, ஓட்டுகிறவன் டீ குடிக்கப் போனான்.
அந்தக் கால் மணி நேரத்தில் எழுதினோம்:
பள்ளி நாளில் நாலு மணிவரை மைதானம் பிள்ளைகளுக்கு.
நாலுக்குமேல் ராகிக்கு.
மழை வந்தால் மணி பார்க்காமல்
எல்லோரும் வந்து மூடுவது.
கடைசி வரி மாதேசன் சொன்னது.
எல்லோரும் என்பதன் தலைமேல்
பொடி எழுத்தில், ஆசிரியர் உட்பட,
என்று சேர்த்தார் டீச்சர்.

நான் கையெழுத்துப் போட்டபோது நாலே கால்.
பஸ் போயிருந்தது.
டீச்சர் கைப்பையைத் திறந்து உள்ளே பார்த்தார்,
பஸ் அதற்குள் இருப்பதுபோல.

மாதேசன் பைக்கைத்
தேன்கனிக்கோட்டைப் பக்கம் திருப்பி வைத்து
பின்சீட்டை மட்டும் துண்டால் தட்டினான்.
தலைக்கவசம் இருக்கிறதா என்று கேட்டார் டீச்சர்.
இல்லை என்றான்.
அதைப் பற்றித் தனியாகப் பேசினார்கள், ரோடு திரும்பும்வரை.

திங்கட்கிழமை முதலில் நகரவேண்டியது
என் தார்ப்பாய்.
சின்னவளை ஒரு முனை பிடிக்கச் சொன்னேன்.
"நாலு மணி ஆயிடுச்சே, இப்ப இது ராகிக்குத்தானே"
என்றாள்.

தொட்டிக்கு மூடி
இன்னும் வரவில்லை.